நிர்வாகம் எப்படியோ, நிறுவனம் அப்படியே!

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு



"மேனேஜ்மென்ட் பேப்பரா? அது கதை எழுதுற பேப்பர்டா, முதல் நாள் ராத்திரி படிச்சா போதும்" என்பது நம் சீனியர்கள் நமக்கு விட்டுச் சென்ற வேதவாக்கு. நாமும் அதை அப்படியே ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொண்டிருக்கிறோம். நிர்வாக அமைப்பு என்ற பாடத்தில் நான்கு கட்டப் படங்கள் போட்டு, நிறைகள் ஐந்து, குறைகள் ஐந்து எழுதினால் மார்க் விழுந்து விடும். பரீட்சை முடிந்த மறுநாளே படமும் மறந்து விடும், பாடமும் மறந்து விடும்.

ஆனால் நாளை நாம் வேலைக்குப் போகும் கம்பெனியில் நம்முடைய வேலை என்ன, நம் பேச்சுக்கு மதிப்பு உண்டா, அந்தக் கம்பெனி பத்து வருஷம் கழித்தும் நிற்குமா என்பதையெல்லாம் அந்தக் கட்டப் படங்கள்தான் பெருமளவு தீர்மானிக்கின்றன. மெஷின் நல்லதாக இருக்கலாம், ஆட்கள் கெட்டிக்காரர்களாக இருக்கலாம். அமைப்பு சரியில்லை என்றால் இரண்டும் வீண். இதை விளக்க நான் எடுத்துக்கொண்ட உதாரணம் மதுரையில் உள்ள ஒரு கண் ஆஸ்பத்திரி. "நாம படிக்கிறது மெக்கானிக்கல், ஆஸ்பத்திரி எதுக்கு?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அமைப்பு என்றால் என்ன?

ஒரு நிறுவனத்தின் அமைப்பு மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது. எந்த வேலையை யார் செய்வது? யார் யாருக்குப் பதில் சொல்வது? முடிவு எடுப்பது யார்?

நம் மாவட்டத்தில் ஆரணிப் பக்கம் உள்ள ஒரு சிறிய அரிசி ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாளி, அவருக்குக் கீழே ஒரு மேஸ்திரி, அவருக்குக் கீழே ஆட்கள். உத்தரவு மேலிருந்து கீழே ஒரே கோட்டில் இறங்குகிறது. இதுதான் நேர்கோட்டு அமைப்பு. முடிவு சட்டென்று வரும். முதலாளி ஊரில் இல்லாவிட்டால் முடிவே வராது.

இரண்டாவது, பணிவாரி அமைப்பு. அமெரிக்கப் பொறியாளர் எஃப்.டபிள்யூ. டெய்லர் 1903-ல் எழுதிய நூலில், ஒரே ஃபோர்மேன் எல்லாவற்றிலும் கெட்டிக்காரனாக இருக்க முடியாது என்று சொல்லி, அந்த வேலையை எட்டு ஃபோர்மேன்களுக்குப் பிரித்தார். வேகத்துக்கு ஒருவர், பழுதுக்கு ஒருவர், ஆய்வுக்கு ஒருவர் என்று எட்டுப் பேர். திறமை கூடியது. ஆனால் தொழிலாளிக்கு எட்டு எஜமானர்கள் ஆகிவிட்டார்கள்.

மூன்றாவது, நேர்கோட்டோடு ஆலோசகர்களும் சேர்ந்த அமைப்பு. உத்தரவு ஒரே கோட்டில் வரும். டிசைன், தரம், பணியாளர் நலம் போன்ற பிரிவுகள் பக்கத்திலிருந்து யோசனை சொல்லும். இன்று நாம் பார்க்கும் பெரிய தொழிற்சாலைகள் பலவும் ஏறக்குறைய இந்த வகைதான்.

நான்காவது மேட்ரிக்ஸ் அமைப்பு. இதைப் புரிந்துகொள்ள திருவண்ணாமலைக்காரர்களுக்குப் புத்தகமே வேண்டாம். கார்த்திகை தீபம் வந்தால் அறநிலையத்துறை, காவல்துறை, போக்குவரத்துக் கழகம், மின்வாரியம், சுகாதாரத்துறை எல்லாம் ஒன்றாக இறங்குகின்றன. பஸ் டிரைவருக்குத் தன் டெப்போ மேனேஜரும் அதிகாரிதான், தற்காலிகப் பேருந்து நிலையத்தில் நின்று வண்டியைத் திருப்பி விடும் போலீஸ்காரர் சொல்வதையும் கேட்டாக வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு மேலதிகாரம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் முன்கூட்டியே கூட்டங்கள் போட்டு யாருக்கு எது பொறுப்பு என்று பிரித்துக் கொடுப்பதால்தான் பல லட்சம் பேர் வந்து கிரிவலம் போய்த் திரும்ப முடிகிறது. அந்தப் பிரிவினை மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்!

கையெழுத்துக்காகக் காத்திருந்த மெஷின்

போன விடுமுறையில் நான் பயிற்சிக்குப் போயிருந்த ஒரு தொழிற்சாலையில் ஒரு லேத் மெஷின் காலையிலிருந்து மதியம் வரை சும்மா நின்றது. என்ன கோளாறு என்று விசாரித்தேன். கோளாறு ஒன்றும் இல்லை. ஒரு டூல் பிட் ஸ்டோரிலிருந்து எடுக்க வேண்டும். ஸ்டோர் சீட்டில் மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும், மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார். பக்கத்திலேயே நின்ற சூப்பர்வைசருக்கு இருபது வருஷ அனுபவம். ஆனாலும் ஒரு டூல் பிட் எடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. "நமக்கெதுக்கு தம்பி வம்பு" என்றார்.

இந்த நோய்க்கு நூறு வருஷத்துக்கு முன்பே மருந்து சொன்னவர் ஒருவர் உண்டு. பிரான்ஸ் நாட்டுச் சுரங்கப் பொறியாளர் ஹென்றி ஃபயோல். 1888-ல் அவர் பொறுப்பேற்றபோது அவருடைய சுரங்க நிறுவனம் மூழ்கும் நிலையில் இருந்தது. அதைத் தூக்கி நிறுத்தி, 1918 வரை நடத்தினார். அந்த அனுபவத்தை வைத்து 1916-ல் அவர் வெளியிட்டவைதான் நாம் மனப்பாடம் செய்யும் 14 கோட்பாடுகள். ஒரு ஆளுக்கு ஒரே மேலதிகாரி வேண்டும் என்றவரும் அவரே. அவசரத்துக்கு இரண்டு பிரிவுகளில் உள்ள சம அந்தஸ்துக்காரர்கள், மேலே உள்ளவர்களின் சம்மதத்தோடு, குறுக்கே நேராகப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு பாலம் போட்டுக் கொடுத்தவரும் அவரே. முதலாவதை எல்லா கம்பெனியும் பிடித்துக்கொண்டது. இரண்டாவதைப் பலரும் மறந்து விட்டார்கள்.

அரவிந்த் கண் மருத்துவமனை

இப்போது மதுரைக்குப் போவோம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1918-ல் எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரம் என்ற கிராமத்தில் பிறந்தவர். மருத்துவம் படித்து ராணுவத்தில் சேர்ந்தார். கடுமையான முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப் போயின. பிரசவ மருத்துவராக ஆசைப்பட்டவர், அந்த ஆசையை விட்டுவிட்டுக் கண் மருத்துவத்துக்கு வந்தார். கோணிய விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகி, தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்கள் செய்தார்.

அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்றதும், 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஒரு சிறிய ஆஸ்பத்திரி தொடங்கினார். பெரிய முதலீடு இல்லை. தங்கை டாக்டர் நாச்சியார், அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி என்று குடும்பத்தாரே முதல் ஊழியர்கள். பணம் கட்ட முடிந்தவர் கட்டட்டும், முடியாதவருக்கு இலவசம் என்பது கொள்கை. அப்படி நடத்தினால் எத்தனை நாள் தாங்கும்? அக்கம்பக்கத்தில் எல்லோரும் கேட்டிருக்கக்கூடிய கேள்விதான்.

தாங்கியது. தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி, சென்னை என்று வளர்ந்து உலகின் மிகப் பெரிய கண் மருத்துவ அமைப்புகளில் ஒன்றாக ஆகிவிட்டது. நோயாளிகளில் பாதிப் பேர் அளவுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை பெறுகிறார்கள். அப்படியும் நன்கொடையை நம்பாமல் தன் வருமானத்திலேயே நடக்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1993-லேயே இதைப் பாடமாக எழுதி விட்டார்கள்.

ரகசியம் என்ன?

மற்ற இடங்களில் ஒரு கண் டாக்டர் வருஷத்துக்குச் சில நூறு ஆபரேஷன் செய்தால், இங்கே ஒரு டாக்டர் சராசரியாக 2000 அளவில் செய்கிறார். அவர்களுக்கு மட்டும் நாலு கையா? இல்லை. வேலையைப் பிரித்த விதம்தான் காரணம்.

நம் ஒர்க்‌ஷாப் பாஷையில் சொல்கிறேன். லேத்தில் ஜாப் கட்டுவதற்குப் பத்து நிமிஷம், கட்டிங்குக்குப் பத்து நிமிஷம் என்று வையுங்கள். ஒரே மெஷின், ஒரே ஆள் என்றால் ஒரு ஜாப்புக்கு 20 நிமிஷம், எட்டு மணி நேரத்தில் 24 ஜாப். இரண்டு மெஷின் இருந்து, ஒன்றில் கட்டிங் நடக்கும்போதே இன்னொன்றில் வேறொருவர் ஜாப் கட்டி வைத்தால் கட்டிங் ஆள் சும்மா நிற்கவே மாட்டார். 48 ஜாப் முடியும். இது விளக்கத்துக்காக நான் போட்ட கணக்கு. ஆனால் அரவிந்தில் நடப்பது இந்த முறைதான். ஒரு டாக்டருக்கு இரண்டு ஆபரேஷன் மேசைகள். ஒரு மேசையில் ஆபரேஷன் முடிவதற்குள் அடுத்த மேசையில் அடுத்த நோயாளி தயார். மைக்ராஸ்கோப் அந்தப் பக்கம் திரும்புகிறது, டாக்டரும் திரும்புகிறார். ஒரு மணி நேரத்தில் ஆறு, எட்டு ஆபரேஷன்கள் முடிகின்றன.

அந்த "ஜாப் கட்டும்" வேலையைச் செய்வது யார்? கிராமத்துப் பெண்கள். பிளஸ் டூ முடித்த, பெரும்பாலும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வருஷம் உதவித்தொகையோடு பயிற்சி தருகிறார்கள். பார்வை சோதிப்பது, கண்ணின் அளவு எடுப்பது, ஆபரேஷன் அறையில் உதவுவது, பயந்து வரும் பாட்டிக்கு ஆபரேஷன் என்றால் என்ன என்று பொறுமையாக எடுத்துச் சொல்வது, எல்லாம் இவர்கள் பொறுப்பு. மொத்த ஊழியர்களில் பாதிக்கு மேல் இவர்களே. நோய் என்ன என்று முடிவு செய்வதும், ஆபரேஷன் செய்வதும் மட்டும் டாக்டர் வேலை.

முகாம்களிலும் இதே பிரிவினை உண்டு. இடம், விளம்பரம், ஆட்களைத் திரட்டுவது உள்ளூர்ச் சங்கத்தார் பொறுப்பு. சோதிப்பது ஆஸ்பத்திரிக் குழுவின் பொறுப்பு. அவரவர்க்குத் தெரிந்ததை அவரவர் செய்கிறார்கள்.

வேகம் கூடினால் தரம் குறையாதா? இங்கேதான் அமைப்பின் இன்னொரு பாதி இருக்கிறது. ஒவ்வொரு ஆபரேஷனிலும் ஏற்படும் சிக்கல் பதிவு செய்யப்படுகிறது. அந்தப் பதிவுகளை உட்கார்ந்து அலசுகிறார்கள், முறையைத் திருத்துகிறார்கள். நாம் தரக் கட்டுப்பாட்டில் படிக்கும் பாடம் இதுதான். ஒரே வேலையைப் பலமுறை செய்வதால் கை பழகுகிறது, பதிவு இருப்பதால் தவறு ஒளிந்துகொள்ள இடமில்லை.

1980-களில் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் முறை பரவியபோது ஒரு தடங்கல் வந்தது. வெளிநாட்டு லென்ஸ் ஒன்றின் விலை 100 டாலர் அளவில் இருந்தது. ஏழைகளுக்குச் சோடா புட்டிக் கண்ணாடிதான் கதி என்ற நிலை. 1992-ல் அரோலேப் என்ற தொழிற்கூடத்தை மதுரையில் தாங்களே தொடங்கி, 10 டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். பின்னால் விலை இன்னும் இறங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இங்கிருந்து போகிறது. வேலையின் ஓட்டம் எங்கே அடைபடுகிறதோ, அந்த இடத்தில் கை வைப்பது நல்ல தலைமை.

பிரித்தாலே போதுமா?

வேலையைப் பிரிப்பது டெய்லர் காலத்திலிருந்தே இருக்கிறதே, புதிதா என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டெய்லர் முறை எல்லா இடத்திலும் இனிக்கவில்லை. 1911-ல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ஆயுதச் சாலையில் ஸ்டாப் வாட்ச் வைத்து வேலையை அளந்தபோது, வார்ப்புத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியேறினார்கள். விஷயம் அந்நாட்டு நாடாளுமன்ற விசாரணை வரை போயிற்று. யோசிப்பது மேலே, செய்வது கீழே என்று பிரித்ததால் வந்த வினை அது.

அரவிந்தில் பிரித்துக் கொடுத்தது பொறுப்பை. பார்வை சோதிக்கும் பெண் எழுதிக் கொடுக்கும் அளவை வைத்துத்தான் டாக்டர் லென்ஸ் தேர்ந்தெடுக்கிறார். அவள் வேலைக்கு அவளே அதிகாரி. பிரிப்பது ஒன்றுதான். நம்பிக்கையோடு பிரித்தால் ஒரு பலன், சந்தேகத்தோடு பிரித்தால் வேறு பலன்.

நம் ஊர்த் தேரோட்டத்தைப் பாருங்கள். ஏழாம் நாள் மகாரதத்தின் வடத்தை ஆயிரக்கணக்கான பேர் இழுக்கிறார்கள். ஆனால் தேர் மாடவீதி முனையில் திரும்புவது யார் கையில் இருக்கிறது? சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்து, சரியான நேரத்தில் முட்டுக்கட்டை போடுகிறாரே, அவர் கையில். மேலே உட்கார்ந்திருப்பவரைக் கேட்டுவிட்டுத்தான் கட்டை போடுவேன் என்று அவர் நின்றால் தேர் வீட்டுத் திண்ணையில்தான் போய் முட்டும்.

தொழிற்சாலைக்கு இது பொருந்துமா?

பொருந்தும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் தொழிற்சாலை இருந்தது. சண்டை, சச்சரவு, தரக்குறைவு. ஐந்தில் ஒருவர் அளவுக்குத் தொழிலாளர்கள் வேலைக்கே வராத நாட்கள். 1982-ல் இழுத்து மூடி விட்டார்கள். 1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே கட்டடத்தைத் திறந்தன. பெயர் நம்மி. ஆட்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்கள்தான், அதே சங்கம்தான். மாறியது அமைப்பு. ஆட்களைச் சிறு சிறு குழுவாக்கினார்கள், குழுத் தலைவர்களை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி தந்தார்கள். அதிகாரிகளுக்குத் தனிச் சாப்பாட்டு அறை இல்லை என்றார்கள். முக்கியமாக, தலைக்கு மேலே ஒரு கயிறு. வேலையில் குறை கண்டால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். உடனே குழுத் தலைவர் ஓடி வருவார், தீராவிட்டால் லைனே நிற்கும். சில வருஷங்களில் தரத்தில் ஜப்பான் தொழிற்சாலைக்கு அருகில் வந்தது. வேலைக்கு வராதவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுக்குக் குறைந்தார்கள்.

இதைப் பார்த்து ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற தொழிற்சாலைகளிலும் செய்ய முயன்றது. வான்நைஸ் என்ற இடத்தில் முயன்று தோற்று, 1992-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. கயிறு கட்டுவது சுலபம். கயிற்றை இழுத்தவன் மேல் எரிந்து விழாத மேனேஜர் கிடைப்பதுதான் கஷ்டம். அமைப்பு உடல் என்றால் தலைமை உயிர். நம்மி 2010 வரை நடந்தது. அதற்கு முந்தைய வருஷம் ஜெனரல் மோட்டார்ஸ் திவால் நடவடிக்கைக்கே போக வேண்டி வந்தது.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவுக்கு வந்த முதல் டெமிங் பரிசு அது. மெஷினில் நிற்பவர் தொடங்கி மேலதிகாரி வரை அத்தனை பேரையும் தரத்துக்குப் பொறுப்பாளி ஆக்கினால்தான் அந்தப் பரிசுக்குப் பக்கத்திலேயே போக முடியும்.

நல்ல தலைவனின் பரீட்சை

தலைவன் இருக்கும்போது நடப்பது பெரிய காரியமில்லை. இல்லாதபோது நடக்கிறதா என்பதுதான் பரீட்சை. டாக்டர் வெங்கடசாமி 2006 ஜூலையில் காலமானார். அதற்குப் பிறகும் அரவிந்த் புதிய ஊர்களில் கிளை விட்டிருக்கிறது, புதிய தலைவர்கள் வந்திருக்கிறார்கள். அவர் உயிரோடு இருந்தபோதே, தங்கள் முறையை மற்ற ஆஸ்பத்திரிகளுக்குக் கற்றுத்தர 1992-ல் தனி நிறுவனமே அமைத்து விட்டார்கள். "தொழில் ரகசியம்" என்று பூட்டி வைக்கவில்லை. திருவள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து வினையாடல் என்று ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார். ஆளை ஆராய்ந்து எடு, எடுத்தபின் வேலையை அவனிடம் விட்டுவிடு என்பது அதன் சாரம். முதல் பாதியைச் செய்பவர்கள் பலர், இரண்டாம் பாதியைச் செய்பவர்கள் சிலர்.

நமக்கு என்ன?

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சேர்ந்த புதிதில் அப்பா கேட்டார், "இது படிச்சு முடிச்சா நீ ஆபீசரா, லேபராப்பா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும். இரண்டுக்கும் நடுவில் நிற்பவன் டிப்ளமோக்காரன். மேலே என்ஜினியர், கீழே தொழிலாளி. நம்மைப் பலரும் இரண்டும் கெட்டான் என்று நினைக்கிறார்கள். ஆனால் அரவிந்தைத் தூக்கி நிறுத்தியது அந்த நடு அடுக்குதான். நம்மியை மாற்றியதும் குழுத் தலைவர்கள் என்ற நடு அடுக்குதான். நடு அடுக்கைக் கையெழுத்து வாங்கும் பியூனாக வைத்திருக்கும் கம்பெனியில் மெஷின் நிற்கும். பொறுப்பு தரும் கம்பெனியில் மெஷின் ஓடும்.

ஆகவே செய்யாறு சிப்காட்டோ, ஓசூரோ, ஸ்ரீபெரும்புதூரோ, எங்கே இன்டர்வியூவுக்குப் போனாலும் சம்பளம், கேன்டீன், பஸ் மூன்றையும் கேட்பதோடு இவற்றையும் விசாரியுங்கள்:

1. எனக்கு மேலதிகாரி ஒருவரா, பலரா?
2. தரக்குறைவைக் கண்டால் லைனை நிறுத்த எனக்கு அதிகாரம் உண்டா?
3. முதல் ஆறு மாதம் பயிற்சி தருவார்களா, நேராக மெஷினில் விட்டு விடுவார்களா?
4. டிப்ளமோவில் சேர்ந்து மேலே போனவர் அங்கே யாராவது இருக்கிறாரா?

எல்லாவற்றையும் நேரடியாகக் கேட்க முடியாமல் போகலாம். அங்கே வேலை செய்யும் நம் சீனியரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டால் கொட்டி விடுவார்!

நாளை நாமும் சூப்பர்வைசர் ஆவோம். நமக்குக் கீழே பத்துப் பேர் நிற்பார்கள். அவர்களில் ஒருவர் வந்து "சார், இந்த ஜாப் சரியில்ல, நிறுத்திட்டேன்" என்று சொல்லும்போது நம் முகம் எப்படி மாறுகிறது என்பதில்தான் அந்தக் கம்பெனியின் எதிர்காலம் இருக்கிறது. "யாரைக் கேட்டு நிறுத்தினே?" என்று சீறினால் அவர் மறுபடி சொல்ல வர மாட்டார். "நல்லது செஞ்சீங்கண்ணே, என்னன்னு பார்ப்போம்" என்று சொல்லப் பழகுவோம். மேனேஜ்மென்ட் பேப்பரில் நாம் எழுதும் அத்தனை பக்கங்களின் சுருக்கமும் அந்த ஒரு வரிதான்.